நான்கு மணி நேரத் தொலைவில் பதினாறாம் நாள்

மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு 2,630. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு 2,690. தமிழ்நாட்டில் இன்னும் உறவு விட்டுப்போகாத பினாங்குக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்று கோடுகளில் ஒன்றைப் பிடித்துத்தான் ஊருக்குப் போய்வருகின்றன. எண்களை மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு யாராவது "அப்படியானால் நான்கு மணி நேரப் பயணம்தானே" என்றால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. நான்கு மணி நேரம் என்பது விமானத்தின் கணக்கு. ஆளின் கணக்கு வேறு. அதைத்தான் எழுத நினைக்கிறேன். நடுவில் காற்று, கடிகாரம், சூலம் எல்லாம் குறுக்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இணையத் தளங்கள் செய்வது மிக எளிய வேலை. உருண்டைப் பூமியின்மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய கோட்டை அளந்து, சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கின்றன. ஏர்பஸ் 320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும். 2,370ஐ அதனால் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கால அட்டவணையிலோ மூன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் கட்டை வைப்பதுவரை எண்ணுவது விமான நிறுவனங்களின் வழக்கம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், சென்னைக்கு மேலே இறங்க இடம் கிடைக்காமல் சுற்றுவதும் அதற்குள் அடக்கம். அதற்கும் மேலே கொஞ்சம் தாராளமாகப் போட்டுவைப்பார்கள். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம் என்று விமானத்தில் பெருமையாக அறிவிப்பதெல்லாம் அந்தத் தாராளத்தின் புண்ணியம்.

பினாங்கு–சென்னைக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் கிளம்பி வடமேற்கே போகிறது. சுமத்ராவின் வட முனை இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. சுமார் 800 கிலோமீட்டர் தாண்டியதும் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் நடுப்பகுதியைக் கோடு வெட்டுகிறது. அதற்குப் பிறகு சென்னைக் கடற்கரைவரை கண்ணுக்கு எட்டியதெல்லாம் வங்கக் கடல். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டு வாக்கில் அனுப்பிய கடற்படை கொண்ட இடங்களை அடுக்கிக்கொண்டு வரும் அவனுடைய மெய்க்கீர்த்தி, கடைசியில் மாநக்கவாரத்தைச் சொல்லி, அடுத்து கடாரத்தைச் சொல்லி முடிகிறது. நக்கவாரம்தான் நிக்கோபார். கடாரம், எங்கள் தீவுக்கு வடக்கே கடலின் அந்தப் பக்கம் இருக்கும் கெடா மாநிலம். உண்மையான விமான வழித்தடம் நான் போட்ட கோட்டிலிருந்து அப்படியும் இப்படியும் விலகும் என்பது தெரியும். ஆனாலும் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்லில் வெட்டிய வரிசையும் என் கைப்பேசித் திரையில் நான் இழுத்த கோடும் ஒரே தீவில் சந்திப்பதைப் பார்க்கும்போது ஒரு சின்னக் குதூகலம் வரத்தான் செய்கிறது.

வானம் தெளிவாக இருக்கும் நாளில் பினாங்கின் வடக்குக் கரையிலிருந்து குனோங் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம்; கரையை ஒட்டித் தனியாக நிமிர்ந்து நிற்பது. மேற்கேயிருந்து வந்த மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்தன. ஏழாம் நூற்றாண்டில் யிஜிங் என்ற சீனத் துறவி, தன்னைப்போல் இந்தியாவுக்குப் போன துறவிகளின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார். அவர்களில் வூசிங் என்பவர் கெடாவில் கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தாராம். சுமார் 2,300 கிலோமீட்டரை முப்பது நாளால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலே. சந்தைக்குக் கூடையோடு நடந்து போகிறவர் இதைவிட வேகமாகப் போவார்.

அந்த முப்பது நாளும் கப்பலின் கணக்குத்தான், துறவியின் கணக்கு அல்ல. பாய்மரக் கப்பல் நினைத்த நாளில் கிளம்ப முடியாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று சோழ மண்டலக் கரையிலிருந்து கிழக்கே தள்ளும். நவம்பருக்குப் பிறகு வாடைக்காற்று மேற்கே தள்ளும். தவறவிட்டால் அடுத்த காற்றுவரை துறைமுகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கெடா ஒரு பெரிய துறைமுகமாக வளர்ந்ததில் இந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு. காற்று திரும்பும்வரை வணிகர்கள் தங்கினார்கள். தங்கியவர்கள் கோயில் கட்டினார்கள்.

விமானம் வந்ததும் காற்றின் கை ஓய்ந்துவிட்டது என்று நினைப்பது தவறு. காற்று மேலே போய்விட்டது, அவ்வளவுதான். அதே ஜூன்–செப்டம்பர் மாதங்களில், கீழே தென்மேற்குக் காற்று கிழக்கு நோக்கி வீசிக்கொண்டிருக்கும்போது, தென்னிந்தியாவுக்கு மேலே பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று ஆறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். திபெத்தியப் பீடபூமி கோடையில் சூடேறுவதோடு தொடர்புடையது. மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் இதன் மையத்துக்குக் கொஞ்சம் கீழேதான் பறக்கின்றன. ஆனாலும் அதன் இழுப்பு அங்கேயும் உண்டு. ஆகவே எந்தப் பருவத்தில் காற்று சோழனின் கப்பலைக் கடாரத்துக்குத் தள்ளியதோ, அதே பருவத்தில் அதற்கு மேலே உள்ள காற்று பினாங்கு விமானத்தைச் சென்னைக்குத் தள்ளுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். சில நிமிடங்கள்தான் வித்தியாசம். ஆனாலும் ஆடி மாதத்தில் ஊருக்குப் போகும்போதெல்லாம் இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் பாவம்.

அடுத்தது கடிகாரம். பினாங்கில் காலை 9 மணிக்குக் கிளம்பி மூன்றே முக்கால் மணி நேரம் பறந்தால், சென்னையில் இறங்கும்போது அங்கே மணி 10.15. டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரப் பயணம். சென்னையில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி அதே அளவு பறந்தால் பினாங்கில் மணி காலை 6.15. டிக்கெட்டில் ஆறேகால் மணி நேரம். போவதற்கும் வருவதற்கும் காகிதத்தில் ஐந்து மணி நேர வித்தியாசம். இரண்டரை மணி நேரத்தை ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் கழிக்கும் சங்கதிதான் இது. பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் சுவாரசியம் இருக்கிறது. சென்னையும் பினாங்கும் ஏறக்குறைய இருபது பாகை நெட்டாங்கு விலகியிருக்கின்றன. சூரியன் ஒரு பாகை கடக்க நான்கு நிமிடம். அதாவது சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் 80 நிமிட வித்தியாசம்தான். மீதி 70 நிமிடம் அரசாங்கங்கள் போட்டது. தீபகற்ப மலேசியாவின் நேரம் ஒருகாலத்தில் கிரீன்விச்சைவிட ஏழு மணி முந்தியிருந்தது. 1933இல் அது ஏழு மணி இருபது நிமிடமானது. 1941இல் ஏழரை. ஜப்பானியர் ஆண்டபோது தோக்கியோ நேரம். போர் முடிந்ததும் மறுபடியும் ஏழரை. கடைசியாக 1982 சனவரி 1இல் கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்குவதற்காக எட்டு. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குக் கடிகாரத்தை நேராகப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் எங்களுக்குக் கிடையாது. சென்னைக்கும் எங்களுக்கும் இரண்டு மணியாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து இரண்டரை. பினாங்கில் காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருப்பதற்குக் காரணம் இதுதான். விடியுமுன்பே பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் அரசாங்கத்தின் சூரியனில் போகிறார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் ஒரே கேள்விதான் கேட்டிருப்பார்: "சூலம் எந்தப் பக்கம்?" வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். மேற்கே போயே ஆக வேண்டுமென்றால் வெல்லம் சாப்பிட்டுக் கிளம்பலாம் என்று பரிகாரமும் உண்டு. சென்னை மேற்கே இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை விமானம் ஆகாது. கோலாலம்பூர் வழியாகப் போனால்? முதல் விமானம் தென்கிழக்கே போகிறதே என்று அப்பா வாதாடுவார். பாட்டி அசரமாட்டார். வீட்டு வாசலைத் தாண்டி முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்பார். ஜார்ஜ்டவுனிலிருந்து விமான நிலையம் தெற்கே. தெற்குச் சூலம் வியாழன். அந்த நியாயப்படி பினாங்குக்காரர்கள் எந்த நாட்டுக்குமே வியாழக்கிழமை பறக்கக் கூடாது. இந்த வழக்கு கடைசிவரை தீர்ப்பாகவில்லை. வெல்லம் மட்டும் எல்லாக் கிழமையும் கொடுத்தார்.

எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எனவே எந்த விமானத்தில் ஏறுவது என்பது எங்கள் வீட்டில் ஓயாத பட்டிமன்றம். நீண்ட காலம் கோலாலம்பூர் போய்த் திருச்சிக்கு மாறுவதுதான் வழி. 325 கிலோமீட்டர் தெற்கே போய், அங்கிருந்து வடமேற்கே திரும்பி வரும் ஒரு சுற்று. ஆனால் திருச்சியில் இறங்கிவிட்டால் தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள். 2024 டிசம்பரில் பினாங்குக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் தொடங்கியபோது தெருவில் பாதிப் பேர் இனி கவலை இல்லை என்றார்கள். வானத்தில் கவலை இல்லைதான். சென்னையிலிருந்து தஞ்சாவூர் சுமார் 340 கிலோமீட்டர். ரயிலோ பஸ்ஸோ காரோ, ஆறேழு மணி நேரம் போய்விடும். மொத்தத் தூரத்தைக் கூட்டினால் சென்னை வழி 2,710. திருச்சி வழி 3,070. முன்னூற்று அறுபது கிலோமீட்டர் மிச்சம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை மணியைக் கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் முடிகின்றன.

கோலாலம்பூரில் மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக வாங்கினால், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடியும் வரிசையில் நின்று, குடிநுழைவு தாண்டி உள்ளே போக வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். ஐம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், மிச்சம் பிடித்துவிட்டு, நடுவில் ஐந்து மணி நேரம் விட்டுக்கொண்டு, அந்த ஐந்து மணி நேரத்தில் ஐம்பது வெள்ளிக்குச் சாப்பிடுவது எங்கள் குலவழக்கம்.

அப்பா இந்தத் தூரத்தை முதலில் கடந்தது கப்பலில். பத்து வயது ஆவதற்கு முன்னால், தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ராஜுலாவில். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம்வரை போய்வந்தது. மலேசியத் தமிழர்களில் ஒரு தலைமுறைக்குக் கடல் என்றால் அந்தக் கப்பலின் மேல்தளம்தான். அதன் பிறகு சிதம்பரம் என்ற கப்பல். 1985இல் அதில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தக் கடல்வழியும் ஓய்ந்தது. ராஜுலாவில் பினாங்கு வந்துசேர ஒரு வாரத்தை ஒட்டி ஆனது. அப்பாவுக்கு நினைவிருப்பது வாந்தியும், யாரோ கொடுத்த எலுமிச்சங்காயும், மூன்றாம் நாளிலிருந்து தாத்தா யாரோடோ சீட்டாடியதும்தான்.

அதற்கும் முந்திய காலத்தில் ஒரு வாரத்தோடு முடியவில்லை. பினாங்குக்குக் கிழக்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே, ஜெரெஜாக் என்ற சின்னத் தீவு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அது தொற்றுநோய்த் தடுப்பு நிலையம். கப்பலில் அம்மையோ காலராவோ தெரிந்தால், கரை கண்ணுக்கு எதிரே தெரிய, அங்கேயே இறக்கி வைத்துவிடுவார்கள். இன்று பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குக் கரையோரச் சாலையில் போகும்போது அந்தத் தீவு இடப்பக்கம் தெரியும். கடலைக் கடந்த பிறகும் கரையில் காத்திருக்க வைப்பது இங்கே பழைய வழக்கம். இப்போது அது கிளம்புவதற்கு முன்பாக நடக்கிறது, பெயர் விசா.

தாத்தா பினாங்கில் இறந்தது 1960களில். ஊரில் இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, மூத்தவள். அவளைத் திருமணம் செய்துகொடுத்துவிட்டுத்தான் தாத்தா அப்பாவை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். தந்தி போயிற்று. மறுநாள் கிடைத்தது. அத்தை அழுதுவிட்டுத் தலை முழுகினாள். பதினாறாம் நாள் அங்கேயே கும்பிட்டாள். நீ ஏன் வரவில்லை என்று இங்கிருந்து யாரும் கேட்கவில்லை. எப்படிப் போவேன் என்று அங்கே அவளும் தவிக்கவில்லை. தவிப்பு இல்லை என்று சொல்வது தவறாக இருக்கலாம். போவதா வேண்டாமா என்ற கேள்வி அங்கே எழவே வழியில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த அத்தை இறந்தது பெருந்தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அத்தான் கைப்பேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"மாப்பிள்ளை, அம்மா போய்விட்டார்கள். மாமா எத்தனை மணிக்கு வந்து சேருவார்? சொன்னால் அதற்குத் தகுந்தாற்போல எடுக்கிற நேரத்தை வைத்துக்கொள்கிறோம்."

பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய சேலை. அத்தைக்கு உடன்பிறந்தவர் அப்பா ஒருவர்தான். அன்றைய கணக்கைக் கேட்டால் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. அதிகாலையில் பினாங்கில் ஏறினால் காலையில் கோலாலம்பூர்; அங்கிருந்து திருச்சி விமானத்தில் இடம் இருந்தது; பிற்பகலில் வீட்டு வாசல். குளிர்ப் பெட்டிக்கு ஏற்பாடாகிவிட்டது. சனிப் பிணம் தனிப் போகாது என்று ஊர்ப் பெரியவர்கள் முனகினார்களாம். ஆனாலும் சனிக்கிழமை மாலைவரை வைத்திருக்க அத்தான் சம்மதம் வாங்கிவிட்டார். மலேசியாவிலிருந்து தம்பி வருகிறார், நான்கு மணி நேரம்தான் என்று.

அப்பாவிடம் விசா இல்லை. மலேசியக் கடப்பிதழோடு இந்தியாவுக்குப் போக விசா வேண்டும். இணையத்தில் எடுக்கலாம், எளிதுதான். ஆனால் போய்ச் சேரும் நாளுக்கு நான்கு நாள் முன்பாகவே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சில நேரம் ஒரே நாளில் வந்துவிடும் என்றார் பயண முகவர். நேரில் போய் அவசரத்துக்குக் கேட்கலாம் என்றார் ஒருவர். வெள்ளி இரவு எந்த அலுவலகம் திறந்திருக்கும்? விண்ணப்பத்தை அன்றிரவே போட்டோம். படம் அளவு சரியில்லை என்று திருப்பியது தளம்; என் மகள் அப்பாவை வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து மறுபடியும் எடுத்தாள். அழுத முகம். அதையே ஏற்றினோம்.

சனிக்கிழமை காலை அத்தான் அழைத்தார். பதினொரு மணிக்கு அழைத்தார். இரண்டு மணிக்கு அழைத்தார். ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு இன்னும் வரவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நான்கு மணிக்கு அப்பாவே கைப்பேசியை வாங்கி, "எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை" என்றார். அப்பாவின் பெரியப்பா மகன் பிறந்த வீட்டுக் கோடி போட்டார். திரையில் பார்க்கலாம் என்று யாரோ காணொளியில் அழைத்தார்கள். அப்பா வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். விசா அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது.

"இனி ஓடி என்ன ஆகப்போகிறது" என்று அப்பா நிதானமாக டிக்கெட் போடச் சொன்னார். பதினாறாம் நாள் கருமாதிக்கு முந்தின நாள் போய் இறங்கினோம். வாசலில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகைக்கு நடுவே ஒரு கிழவி கேட்டாள்: "நான்கு மணி நேரம்தானாமே தம்பி, ஒரு எட்டு வந்து முகம் பார்த்திருக்கக் கூடாதா?" அவளுக்கு விசாவைப் பற்றி யார் விளக்குவது? அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இரவில் திண்ணையில் படுத்துக்கொண்டிருந்தபோது, தூங்கிவிட்டார் என்று நினைத்த நேரத்தில் சொன்னார்: "ராஜுலாவில் ஏறியிருந்தாலும் இந்தக் கருமாதிக்கு வந்து சேர்ந்திருப்பேன்."

அதற்குப் பிறகு பயண நேரம் என்று யார் பேசினாலும் நான் இந்தக் கணக்கைத்தான் போடுகிறேன். கப்பல் போன காலத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் யாருடைய சாவுக்கும் தாமதமாக வந்ததில்லை. ஒரு வாரத் தொலைவில் இருப்பவன் தாமதமாக முடியாது; அவனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஊரில் இருக்கும் பங்காளி கோடி போட்டால் அது முழுக் கோடி. நான்கு மணி நேரம் என்றானதும் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். வராதவன் குற்றவாளி ஆகிறான். பங்காளி போட்ட கோடி, வராத தம்பியின் கோடியாகவே பேசப்படுகிறது. விமானத்தைக் குறை சொல்லவில்லை. அது சொன்னபடி நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு முன்னால் இருக்கும் நான்கு நாளை மட்டும் எந்தத் தூரக் கணக்குத் தளமும் கூட்டிக் காட்டுவதில்லை.

அதுவும் ஒருவழித் தூரம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம். வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். ஆக இன்றைய நிலையில் சென்னையிலிருந்து பினாங்கு பக்கம். பினாங்கிலிருந்து சென்னைதான் தூரம். அத்தான் இதைக் கேள்விப்பட்டதும் தைப்பூசத்துக்கே வந்துவிட்டார். ஊரிலிருந்து சென்னைக்கு வந்த பஸ்தான் பாடாய்ப் படுத்தியதாம், விமானத்தில் தூங்கிவிட்டாராம். விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும்போது மணி ஏழேகால். "காலை என்றீர்களே மாப்பிள்ளை, இன்னும் இரவாகவே இருக்கிறதே" என்று சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் 1982ஐப் பற்றி ஆரம்பித்தேன். பாலத்தருகே வருவதற்குள் அவர் மறுபடியும் தூங்கிவிட்டார். அம்மா வாசலிலேயே "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டார். அன்று மாலை இருவருமாக, அப்பாவும் அவரும், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனார்கள். படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்து அத்தையைப் பற்றிப் பேசினார்களாம்.

அப்பாவுக்கு இப்போது ஐந்தாண்டு விசா எடுத்து வைத்திருக்கிறோம். எனக்கும் தம்பிக்கும் சேர்த்தேதான். ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் இன்னும் மூவர் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிலருக்கு அபசகுனமாகப் படுகிறது. சாவை எதிர்பார்த்து விசா எடுப்பதா என்கிறார்கள். இப்போது கவலை கடப்பிதழ்தான். எங்களிடம் இருக்கும் மலேசியக் கடப்பிதழ்கள் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே உள்ளே விடமாட்டார்கள். அப்பாவுடையது அடுத்த ஆண்டு முடிகிறது. புதியது எடுத்தால் பழைய எண்ணில் இருக்கும் விசாவோடு இரண்டு புத்தகத்தையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டுமாம். முகவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.